இடது பக்கம் இழுக்கும் வண்டி

வாங்கிப் பதிவு செய்து, அங்கே போய் நின்ற பிறகுதான் அது நிலமல்ல, சரிவு என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் புரிந்தது. மேலே பாறை தலை நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஆள் நுழைய முடியாத முள்புதர். கீழே, மழை பெய்தால் மேல்மண்ணெல்லாம் வந்து சேருகிற ஒரு பள்ளம். பழமரம் வைக்கலாம் என்று வாங்கியது. மரம் நிற்க வேண்டுமானால் முதலில் புதரை எடுத்து, சரிவைப் படிபடியாக வெட்டிச் சமன் செய்ய வேண்டும்.

புருஷன் கடைத்தெருவில் சாவிக்கடை வைத்திருந்தார். பெண்டாட்டிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்று சோதிக்கிற இருட்டறை அவள் பொறுப்பில் இருந்தது. அதனால் தெருவில் எல்லாருக்கும் அவள் கண்ணக்கா. கண்ணில் தூசி விழுந்தவர்களும் கண்ணாடி உடைந்தவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவள் வாசலில் வந்து நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

வாடகைக்கு ஒரு புல்டோசரை வரச் சொன்னார்கள். முழு நாள் வேலை என்று பேசி வந்தவன் மதியச் சாப்பாட்டுக்குப் போனான், போனவன்தான். இன்னொருவன் மாலைவரை இருந்தான். ஆனால் நல்ல மேல்மண்ணையெல்லாம் வழித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, "சுத்தமா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் கூப்பிட்டவர்கள் எல்லாரும், சின்ன வேலை, அவ்வளவு தூரம் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தால் கட்டாது என்றார்கள்.

"சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்" என்றாள் கண்ணக்கா, ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"கத்தரிக்கோல் வாங்கலாம்ங்கிற மாதிரி சொல்றே."

"பழசுதானேங்க."

"யானைகூடத்தான் பழசா கிடைக்கும். அதுக்காக வாங்கிக் கட்டிடுவாங்களா?"

"நாமதான் வருஷா வருஷம் வேலை பாக்கப்போறோம். ஒரே நாள்ல முடியிற வேலையா அது? வேலை முடிஞ்சா வித்துடலாம்."

"சரி, யாரு ஓட்டுறது?"

"நான்தான்."

சிரிக்கத் தொடங்கிய சாவிக்கடைக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவருக்கு மேட்டில் சைக்கிள் ஓட்டினாலே தலை சுற்றும். ஆகவே அந்தப் பேச்சு அதோடு முடிந்து, எந்த வண்டி என்ற பேச்சு தொடங்கியது.

கண்ணக்காவின் அண்ணன் லாரிப் பட்டறை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் தங்கையைப் பார்க்கவில்லை, தங்கை புருஷனைத்தான் பார்த்தார். "என்ன மாப்ள, நிஜமாத்தானா?" என்றார். மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினார். "அப்ப சரி. ஆனா என்னை விட்டுட்டுப் போய் எதையும் தொடாதீங்க. இது தானமா வர்ற மாடு இல்ல, காசு குடுத்து வாங்குறது. பல்லைப் புடிச்சுப் பாக்கத்தான் வேணும்."

முதலில் பார்த்த வண்டி ஒரு பழைய வண்டி வியாபாரியின் முற்றத்தில் நின்றது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள். பக்கத்தில் போனால் பெயின்ட் வாசனை. அண்ணன் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?"

"இல்லீங்களே. காலைலேர்ந்து வெயில்ல நிக்குதுல்ல, அதான் சூடு."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். மூன்று நாளாக மேகம் கலையவில்லை. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பவன் அதை மறைக்கிறான் என்று அர்த்தம். அதற்குள் சாவிக்கடைக்காரர் எஞ்சினுக்குக் கீழே குனிந்து எதையோ விரலால் தடவிக்கொண்டிருந்தார். "இந்த போல்ட்டெல்லாம் நேத்துதான் கழட்டி மாட்டியிருக்காங்க மச்சான். ஓரத்துல பெயின்ட் உதிர்ந்திருக்கு" என்றார். சின்னத் திருகாணிகளோடு ஆயுள் முழுக்கப் பழகிய கண் அது. வியாபாரி வரவழைத்த டீ ஆறிப்போகும்படி விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

இரண்டாவது வண்டியைப் பற்றி டீசல் பம்பு பழுது பார்க்கிற ஒருவர் அண்ணனிடம் சொன்னார். வைத்திருப்பவர் ஒரு வயதான கான்ட்ராக்டர். தொழிலில் அவருக்கு நூல்காரர் என்று பெயர். மட்டக்கோலும் அளவு நூலும் இல்லாமல், டோசரின் மேல் உட்கார்ந்தபடியே நூல் பிடித்தாற்போலத் தரையைச் சமன் செய்வாராம். அவர் விற்கிறார் என்றதும் அண்ணன் அன்றைக்குப் பட்டறையைத் திறக்கவில்லை.

ஊருக்கு வெளியே பெரிய வளாகம். இரும்புக் கேட்டைத் திறந்துவிட்டது நூல்காரரின் மருமகள். மகன் வேறு ஊரில் வேலை பார்க்க, மாமனாரும் மருமகளும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். கேட்டின் ஒரு தூண் பழசாகவும் இன்னொன்று புதிதாகப் பூசப்பட்டும் இருந்தது. நூல்காரர் தேய்த்த சட்டையோடு கொட்டகை வாசலில் நின்றார். நல்ல உயரம். வந்தவர்கள் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்தார்.

"முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. இது இடது பக்கம் இழுக்கும்."

விற்கிறவர் வாயால் குறை கேட்டு அண்ணனுக்குப் பழக்கமில்லை. "ரொம்பவா?" என்றார்.

"போற போக்குல தெரியாது. திடீர்னு இழுக்கும். கேட்டுத் தூணை இடிச்சிடுச்சு. பின்பக்கச் சுவர் போச்சு. போன வருஷம் ஒருத்தர் தோட்டத்துல தண்ணித் தொட்டி. அதான் விலையைக் கொறைச்சுச் சொல்றேன். இதை வெச்சுக்கிட்டு இனிமே அடுத்தவங்க இடத்துல வேலை பாக்க முடியாது. உங்களுக்குச் சொந்த நிலம்னு சொன்னாங்க, இடிச்சாலும் உங்களோடதுதான்."

அவர் சொன்ன விலையைக் கேட்டதும் அண்ணனின் முகம் வாடியது. நல்ல சரக்கைக் கண்டால் அவர் முகம் வாடும். வியாபாரத்தில் பழகிப்போன முகம். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். கல் மாதிரி குளிர்ந்திருந்தது. நூல்காரர் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை செருமிவிட்டு உடனே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கறுப்புப் புகை வந்தது. பிறகு சாம்பல் நிறத்தில், பிறகு ஒன்றுமே இல்லை. அண்ணன் ஆயிலைப் பார்த்தார். வண்டி உருளும் இரும்புச் செயினின் தொய்வைக் காலால் அழுத்திப் பார்த்தார். செயினை இழுக்கும் சக்கரத்தின் பல்லை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பார்க்கப் பார்க்க முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் போல ஆகிக்கொண்டே போனது.

கண்ணக்கா வண்டியைச் சுற்றி நடந்தாள். வலது பக்கம் பழைய பெயின்ட் வெளிறியிருந்தாலும் கீறல் இல்லை. இடது பக்கம் முழுக்க அடிபட்டிருந்தது. செயினுக்கு மேலிருந்த தகடு நசுங்கியிருந்தது. விளக்கு இல்லை. முன்னால் மண் தள்ளும் பிளேடின் இடது நுனியில் சிமென்ட் ஒட்டியிருந்தது.

அண்ணன் கொட்டகைக்குப் பின்னாலிருந்த திறந்த வெளியில் வண்டியை ஓட்டிப் பார்த்தார். போய்த் திரும்பி வந்தார். லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டும் ஓட்டிப் பார்த்தார்.

"இழுக்கலையே, ஐயா?"

"சில நாள் இழுக்காது. ஆளைப் பாத்து நடிக்கும். மெக்கானிக்குங்க வந்தாலும் இப்படித்தான், சாதுவாயிடும். மூணு பேரை மாத்திட்டேன். ஸ்டியரிங் கிளட்ச்சு புதுசு போட்டாச்சு. ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லங்கிறானுங்க. ஒண்ணும் இல்லாமயா சுவர் விழுந்துச்சு? இறங்குங்க, நான் காட்டுறேன்."

அவரே ஏறி ஓட்டினார். ஓட்டியதைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரிந்தது. அத்தனை பெரிய இரும்பு ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. மைதானத்தின் ஓரமாகக் காலி ஆயில் டிரம் ஒன்று நின்றது. வண்டி அதை நெருங்கியது. வேகம் குறையவில்லை, திசை மாறவில்லை. பிளேடின் இடது நுனி டிரம்மில் பட்டது. டிரம் உருண்டு செயினுக்கடியில் போய்த் தட்டையானது.

நூல்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். "பாத்தீங்களா? இழுத்துடுச்சு பாத்தீங்களா?" என்றார். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது.

கண்ணக்கா தரையைப் பார்த்தாள். செயின் பதிந்த தடம் புறப்பட்ட இடத்திலிருந்து டிரம் வரைக்கும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. வண்டி எங்கும் இழுக்கவில்லை. டிரம்தான் வழியில் இருந்தது.

மருமகள் டீ கொண்டு வந்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாமனாருக்கு இடப்பக்கம் கிடந்த முக்காலியை எடுத்து வலப்பக்கம் போட்டு, அதன் மேல் டம்ளரை வைத்தாள். யோசித்துச் செய்தது மாதிரி இல்லை, நாள்பட்ட பழக்கம். அவர் பேசும்போது இடப்பக்கம் உட்கார்ந்திருந்த சாவிக்கடைக்காரரைப் பார்க்கத் தலையை முழுவதும் திருப்பினார். இந்தத் திருப்பலைக் கண்ணக்கா தினமும் பார்க்கிறவள். வராந்தா பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருப்பவர்கள் இப்படித்தான் திரும்புவார்கள்.

"கை கழுவிட்டு வர்றோம்" என்று அண்ணனையும் புருஷனையும் குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் முந்திக்கொண்டார். முகத்தில் துக்கம் போய்ப் பல் தெரிந்தது. "வண்டி தங்கம். இழுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தடத்தைப் பாத்தியா? பெரியவருக்கு வயசாயிடுச்சு, என்னமோ பிரமை. இப்பவே அட்வான்ஸ் குடுத்துடலாம்."

"பிரமை இல்லண்ணே. இடது கண்ணு தெரியல அவருக்கு. வலது கண்ணு நல்லா இருக்கறதால அவருக்கே தெரியாம போயிருக்கு. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கிட்டே வரும். வலி இருக்காது, சிவப்பு இருக்காது. இந்தக் கண்ணு போச்சுன்னா அடுத்ததும் போகும்."

அண்ணன் குழாயை நன்றாகத் திறந்துவிட்டார். "சரி. பாவம்தான். வண்டியை வாங்கி நிலத்துல விட்டுட்டு, நாளைக்கே வந்து சொல்லு. நானே கார்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றேன். ஒரு நாள்ல கண்ணு போயிடாது. இப்ப சொன்னா, வண்டி நல்லா இருக்குன்னு தெரிஞ்சுடும். விலையை ஏத்துவாரு, இல்ல விக்கவே மாட்டாரு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு நாளில் கண் போய்விடாது. கண்ணக்கா புருஷனைப் பார்த்தாள்.

அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நம்ம கடைக்குப் பூட்டு கெட்டுப்போச்சு, புதுசு குடுன்னு வருவாங்க. பாத்தா சாவிதான் வளைஞ்சிருக்கும். நான் சொல்லிடுவேன். சொன்னா புதுப் பூட்டு விக்காது."

"அதனாலதான் மாப்ள உன் கடை இன்னும் அந்த அளவுலயே இருக்கு" என்றார் அண்ணன்.

"ஆமா மச்சான். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சொல்றதுக்கு முன்னாடி அதையும் யோசிச்சுக்கட்டும்."

கண்ணக்கா யோசித்தாள். அதிகம் யோசித்ததாகச் சொல்ல முடியாது. குழாயை மூடிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் வலது கண்ணைக் கையால மூடிக்கிறீங்களா?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

அவர் சிரித்துக்கொண்டே மூடினார். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. பிறகு அது இருந்த இடம் தெரியவில்லை. கையை எடுத்தார். மறுபடி மூடினார். கையை எடுத்துவிட்டுக் கொட்டகையையும் வண்டியையும் மருமகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"வண்டி இழுக்கலைங்கய்யா" என்றாள் கண்ணக்கா. "இடது பக்கம் இருக்கறது உங்களுக்குத் தெரியல. நான் கண்ணாஸ்பத்திரியில வேலை பாக்குறேன். சீக்கிரமா வந்து காட்டினீங்கன்னா..."

"வண்டி வாங்க வந்தியா, கண்ணு பாக்க வந்தியா?"

குரல் உயர்ந்துவிட்டது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே லீவரைப் புடிச்சவன் நான். என் கண்ணைப் பத்தி எனக்குச் சொல்றியா? ஊசியில நூல் கோக்கறேன் நானு. கோத்துக் காட்டட்டுமா?"

"கோப்பீங்க. வலது கண்ணு நல்லா இருக்கு."

"வண்டி விக்கறதுக்கு இல்ல. கிளம்புங்க."

கேட்டருகே மருமகள் காலி டம்ளர்களோடு பின்னால் வந்தாள். வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரிக்கு எந்த நாள்ல வரணும்?"

கண்ணக்கா சொன்னாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கண்ணுன்னு தெரியாது. இந்தப் பக்கம் வெச்சா தட்டிவிட்டுடுவாரு. அந்தப் பக்கம் வெச்சா தட்டமாட்டாரு. அதுதான் தெரியும்." கேட்டை மூடிக்கொண்டே சொன்னாள்: "மாமா கத்துனதை மனசுல வெச்சுக்காதீங்க. அவரு கத்துனா, சொன்னது உள்ளே போயிடுச்சுன்னு அர்த்தம். போகலேன்னா சிரிச்சிருப்பாரு."

திரும்பும் வழியில், ரயில்வே கேட்டில் கார் நின்றபோதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு சொல்லுவாங்க. உன் விஷயத்துல வாய் நீண்டதாலதான் கைக்கு எட்டலை."

சாவிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேறு சில வண்டிகளைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில் செயின் தேய்ந்து பல் கூர்மையாகிவிட்டிருந்தது. இன்னொன்றின் சொந்தக்காரர் யார் என்பதில் இரண்டு சகோதரர்களுக்குள் தகராறு. அண்ணன் ஒவ்வொரு தடவையும், "அது வண்டி" என்று மட்டும் சொல்வார். எது என்று யாரும் கேட்கவில்லை. நிலத்தில் ஒரு மழை பெய்து, பள்ளம் இன்னும் கொஞ்சம் மேடாகியது.

நூல்காரர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார் என்றே கண்ணக்கா நினைத்துவிட்டிருந்தாள். ஒரு நாள் காலை இருட்டறையின் கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டபோது, தேய்த்த சட்டையோடு அவர் எழுந்து நின்றார். மருமகள் அவரது இடப்பக்கம் நின்றிருந்தாள். அவர் கண்ணக்காவைத் தெரிந்தது போலவும் காட்டிக்கொள்ளவில்லை, தெரியாதது போலவும் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள். மோவாயை இதன் மேல் வையுங்கள். நெற்றியை ஒட்டிக்கொள்ளுங்கள். நடுவில் தெரியும் புள்ளியையே பாருங்கள். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வந்து வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்துங்கள். தெரியாவிட்டால் சும்மா இருங்கள், எல்லாருக்கும் எல்லாமே தெரியாது.

முதலில் இடது கண்ணை மூடி வலது கண். பொத்தான் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. மேல்பக்க மூலையில் மட்டும் சில இடத்தில் தாமதம். லீவர் பிடித்த கை. விரலின் அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிறகு வலது கண்ணை மூடி இடது கண். கருவி உறுமியது. உள்ளே வெளிச்சப் புள்ளிகள் மேலும் கீழுமாக வந்து வந்து அணைந்தன. கண்ணக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தான் ஒலிக்கவில்லை. அவர் முதுகை நிமிர்த்தி, அசையாமல், பொத்தானின் மேல் கட்டை விரலைத் தயாராக வைத்தபடி காத்திருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"நடந்துட்டு இருக்குங்க, ஐயா."

அவர் தலையை எடுக்கவில்லை. ஓரத்தில் எங்கோ ஒரு புள்ளி தெரிந்திருக்க வேண்டும், ஒரு தடவை அழுத்தினார். அதன்பிறகு கருவி நிற்கும்வரை விரல் அசையவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னதும் கண்ணக்கா எதிர்பார்த்ததுதான். இடது கண்ணில் போனது திரும்ப வராது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, ஆனால் தொடக்கம்தான். ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து. மருமகள் மருந்து வாங்கப் போயிருந்தபோது அவர் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணக்கா போய் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"இது இருக்குமா?" என்று வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"மருந்தை விடாம போட்டா காப்பாத்திடலாம்ங்க. நீங்க இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா என்னால இப்படிச் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கண்ணின் படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூணு மெக்கானிக்கையும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஒருத்தன் சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட வேலை பாத்தவன். உனக்கு வேலையே தெரியலடான்னு, நாலு பேருக்கு முன்னாடி. அவன் இப்ப எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்ல."

"போய்ச் சொல்லிடுங்க."

"சொல்லத்தான் வேணும்." சற்றுக் கழித்து, "சொல்றது சுலபமா இருந்தா இந்நேரம் சொல்லியிருக்க மாட்டேனா?" என்றார்.

மருமகள் மருந்தோடு வருவது தெரிந்ததும் எழுந்தார். எழுந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வண்டியை வித்துடலாம்னு இருக்கேன். உங்களுக்கே தர்றேன். ஆனா அன்னைக்குச் சொன்ன விலைக்கு இல்ல. அது இழுக்குற வண்டிக்குச் சொன்ன விலை. இது நேராப் போற வண்டியாச்சே."

கண்ணக்காவால் மறுக்க முடியவில்லை. அது நேராகப் போகும் வண்டி என்பதற்கு அவள்தான் சாட்சி.

வீட்டில் இதைக் கேட்டதும் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை, "சொன்னீங்க மச்சான்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு அண்ணனே பேரம் பேசப் போனார். துக்க முகத்தோடு போனவர், அதே துக்க முகத்தோடு திரும்பி வந்து, முடிந்துவிட்டது என்றார். வீட்டு மாடியில் அறை போடுவதாக இருந்ததைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அந்த வருஷம் சாவிக்கடைக்கு வாங்க நினைத்திருந்த புதிய மிஷினும் வரவில்லை.

வண்டியை ஏற்றிச் செல்லத் தாழ்வான ட்ரெய்லர் லாரி வந்தது. டோசரை லாரியில் ஏற்றுவது சின்ன வேலை இல்லை. இரண்டு பக்கமும் கையளவு இடம்தான் மிஞ்சும். நூல்காரர் வழக்கம் போல் படியில் கால் வைத்தார். மருமகள், "மாமா" என்றாள். அவ்வளவுதான். அவர் காலை எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "ஏத்துங்க" என்றார். அண்ணன் ஏற்றி முடித்ததும் அவர் சங்கிலிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்று தளர்வாக இருந்தது. லாரிக்காரனைத் திட்டி அதைத் திரும்பக் கட்ட வைத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது போலிருந்தது.

கண்ணக்கா ஓட்டப் பழகியது விடுமுறை நாட்களில். அண்ணன் பக்கத்தில் தொற்றிக்கொண்டு நின்று கத்துவார். முதல் நாள் பிளேடை ஆழமாக இறக்கிவிட்டாள். மண் மலை போலக் குவிந்து, வண்டி நின்றுபோனது. அடுத்த தடவை பயந்து தூக்கிவிட்டாள். வண்டி தான் தள்ளிய மண்ணின் மேலேயே ஏறி மூக்கைத் தூக்கிக்கொண்டது. கீழே நின்றிருந்த சாவிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் ஆட்டி என்னவோ சொன்னார், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அன்று மாலை இறங்கியபோது அவளுக்குக் கையும் காலும் தன்னுடையவையாக இல்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டில் ஆடியது. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும்போதெல்லாம் நினைப்பு சரிவின் மேல்தான் இருந்தது.

முள்புதர் போனது. வேர்களைத் தனியாகக் குவித்தார்கள். மேல்மண்ணை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சரிவை வெட்டி, திரும்ப அதைப் பரப்பினாள். முதல் படி முடிந்ததும் மழை பெய்தது. தண்ணீர் படியின் வெளி ஓரம் வழியாக வழிந்து கரையை அறுத்துக்கொண்டு போனது. தரையை வெளிப்பக்கம் சாய்த்து வெட்டியிருக்கிறாள், உட்பக்கம் சாய்த்திருக்க வேண்டும். அதைச் சாவிக்கடைக்காரர் கண்டுபிடித்தார். சொல்லத் தயங்கினார். சொன்ன பிறகு அவள் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு போய் எல்லாவற்றையும் மறுபடி வெட்டினாள்.

இரண்டாம் படி முடிந்த சமயம் நூல்காரரும் மருமகளும் பார்க்க வந்தார்கள். மருந்து போடுவதாகவும், போன தடவை அழுத்தம் குறைந்திருந்ததாகவும் மருமகள் சொன்னாள். அந்த மெக்கானிக் வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தாராம். அவன் வீட்டில் இல்லையாம். அடுத்த வாரம் இன்னொரு தடவை போவாராம்.

நூல்காரர் படியின் ஒரு முனையில் நின்று, தலையைத் திருப்பித் திருப்பி அடுத்த முனைவரை பார்த்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"நடுவுல வயிறு தள்ளியிருக்கு" என்றார்.

"மரம் வைக்கிறதுக்குத்தானேங்க" என்றார் சாவிக்கடைக்காரர்.

"மரம் வைக்க இது போதும். நான் தரையைச் சொன்னேன்."

கண்ணக்காவுக்குக் கோபம் வரவில்லை. வயிறு தள்ளியிருப்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. நூல்காரர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

மருமகள் மட்டும் வண்டியருகே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையைச் செயினின் மேல் வைத்திருந்தாள்.

"நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இது எங்க வாசல்ல நின்னுச்சு. தினமும் தொடைச்சிருக்கேன். ஒரு நாள்கூட மேல ஏறினதில்ல" என்றாள். பிறகு, யாரிடம் கேட்பது என்று தெரியாதவள் போல, மாமனாரையும் கண்ணக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா?"

"எங்கிட்ட ஏன் கேக்குறே?" என்றார் நூல்காரர், தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துக்கொண்டே. "வண்டி அவங்களது."

கண்ணக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் ஏறினாள். மேலிருந்து கையை நீட்டினாள். மருமகள் செருப்பைக் கழற்றி வண்டிப் படிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு ஏறினாள். எஞ்சின் பிடித்ததும் காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுத்து லீவரின் மேல் வைத்தாள். வண்டி சற்றுத் தயங்கி, நகர்ந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கீழே இருந்தவர்களுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை, முகம் மட்டும் தெரிந்தது. வண்டி மூன்றாம் படி வர வேண்டிய இடத்தை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.